மண்வெட்டிப் பிடியில் இன்னொரு கை

என் பிள்ளைக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கதைத்த கதையிலேயே தெரிந்தது. ஆகவே அந்த விசாரிப்பை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் சுகமாக இல்லை. காய்ச்சல், தடிமன் ஒன்றும் இல்லை, பயப்படாதே. நீ கேட்ட ஒரு கேள்விதான் காரணம். "அப்பா, இந்தப் படத்திலை அப்பப்பா பிடிச்சிருக்கிற மண்வெட்டியிலை இன்னொரு கையும் இருக்குது. அது ஆற்றை கை?" என்று கேட்டாய். ஆரோ கூலிக்கு வந்த ஆளாக இருக்கும் என்று உடனே சொன்னேன். சொல்லி முடித்துத் திரும்பினால் உன் அம்மா குசினி வாசலில் நிற்கிறார். அன்றிலிருந்து நான்கு நாளாக அவர் என்னோடு கதைக்கவில்லை. தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார், குடியுங்கோ என்றுகூடச் சொல்வதில்லை.

இதைப் போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ இடையில் கேள்வி கேட்பாய். கேள்வி கேட்டால் எனக்குப் பொய் வந்துவிடும், நாற்பது வருஷப் பழக்கம். கடுதாசியில் எழுதினால் நீ குறுக்கே கதைக்க முடியாது. நாளைக் காலை வவுனியா பஸ்ஸில் போகிற தெரிந்த ஆளிடம் கொடுத்துவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை காணி விசாரணை. அதற்கு முதல் நீ இதைக் கடைசி வரி வரைக்கும் வாசிக்க வேண்டும். வாசித்த பிறகு என்னை ஏசுவதா, கதைக்காமல் விடுவதா என்பது உன் விருப்பம். இந்த வீட்டில் எனக்கு அது இப்போது பழகிவிட்டது.

மூன்று மாதமாக நீ உன் அப்பப்பாவைத் தேடிக்கொண்டிருக்கிறாய். எங்களுடையது அரசாங்கம் பெர்மிட்டில் கொடுத்த குடியேற்றக் காணி. இரணைமடுத் தண்ணீர் பாயும் மூன்று ஏக்கர் வயலும், நீ கலியாணத்துக்குப் பிறகு வீடு கட்ட அளந்து வைத்திருக்கிற மேட்டுக்காணியும் அதற்குள் அடக்கம். பெர்மிட் இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது என்று நான் சொன்னேன். கந்தோரில் இருந்த பதிவேடும் சண்டையில் அழிந்துபோனதால், காணி பெற்றவர் யார், அவருடைய பிள்ளைகள் யார் என்று காட்ட இருக்கிற ஆதாரத்தைக் கொண்டுவரச் சொல்லி எங்களுக்குக் கடிதம் வந்தது. வேறு ஆட்கள் கிராம சேவையாளரின் ஒரு கடிதத்தோடு போவார்கள். நீ சோதனைக்குப் படிக்கிறவனைப்போல் இறங்கினாய். யாழ்ப்பாணத்தில் என் பெரியம்மா வீட்டுப் பெட்டியைக் கிளறி என் ஐயாவின் கல்வெட்டைக் கண்டெடுத்தாய். அதோடு அந்தப் படத்தையும். பிறகு பன்னிரண்டு பக்கத்தில் அவருடைய வரலாற்றை எழுதி, விசாரணையில் கொடுக்கப் போகிறேன் என்று எனக்கும் அனுப்பினாய். வாசித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மகனே, அந்தக் கல்வெட்டை எழுதியவன் நான். ஐயா செத்து முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்தவர்கள் கையில் கொடுக்க, படமும் தேவாரமும் வாழ்க்கை வரலாறும் சேர்த்து இருபது பக்கத்தில் அச்சடித்த புத்தகம் அது. "தம் ஒரே மகனோடு தோளோடு தோள் நின்று காட்டை வெட்டிக் கழனியாக்கினார்" என்ற வரியை நீ உன் பன்னிரண்டு பக்கத்தில் இரண்டு இடத்தில் எடுத்து எழுதியிருக்கிறாய். அவ்வளவு பிடித்துப்போனதா உனக்கு? ஐயா காட்டை வெட்டிய காலத்தில் நான் யாழ்ப்பாணத்தில் பெரியம்மா வீட்டில் நின்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். லீவுக்கு வந்தால் நுளம்பு கடிக்கிறது என்று அழுது இரண்டாம் நாளே திரும்பிப் போவேன். ஐயாவோடு தோளோடு தோள் நின்றவர் என் அக்கா. உன் மாமி. நான்கு வயதில் காய்ச்சலில் செத்துப்போனா என்று உனக்கு நான் சொன்ன அதே மாமி.

அவர் சாகவில்லை. முல்லைத்தீவுப் பக்கம், தண்ணீரூற்றில் இருக்கிறார். நேற்று நான் அவரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதைச் சொல்லத்தான் போகிறேன், ஆனால் முன்னுக்கு நடந்ததைச் சொல்லாமல் அங்கே தாவினால் நான் நல்லவன்போல் தெரிவேன். அது சரியில்லை.

நீ சின்னவனாக இருந்தபோது நான் சொன்ன கதைகள் ஞாபகம் இருக்கும். வாய்க்கால் உடைப்பெடுத்த அன்று மதகடியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று மண்மூட்டை அடுக்கிய கதை. பன்றிக்குக் காவல் இருந்தபோது யானை வந்த கதை. ஐயாவுக்குக் காய்ச்சல் என்று, கோடைப் பயிருக்குக் குளத்துத் தண்ணீரைப் பங்கிடும் சிறுபோகக் கூட்டத்துக்குத் தனியே போய், அந்தப் போகத்துக்கு எங்களுக்கு விழ வேண்டிய பங்கு எங்கே என்று கமக்காரர்களுக்கு முன் எழும்பி நின்று கேட்ட கதை. நீ வாயைப் பிளந்து கேட்பாய், திரும்பவும் சொல்லச் சொல்வாய். எல்லாம் அக்காவின் கதை. பதினாறு வயதுப் பெண்பிள்ளை, அத்தனை ஆம்பிளைகளுக்கு நடுவில் எழும்பி நின்றவர் அவர்தான். கூட்டத்தில் ஐயாவின் பெயரைக் கூப்பிட, அக்கா "ஓம், வந்திருக்கிறன்" என்றாராம். ஐயா அதைச் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அந்தக் கதையில் அக்காவை எடுத்துவிட்டு என்னை வைத்தேன். காணியை எடுக்க முன்பே கதையை எடுத்துவிட்டேன்.

அக்கா இருபத்தொரு வயதில் வீட்டை விட்டுப் போனார். இரணைமடுக் குளத்துக்கு மீன்பிடிக்க வந்த முல்லைத்தீவுக் கரையோரத்து கிறிஸ்தவ வேதக்காரப் பெடியன் ஒருவரை விரும்பினார். ஒருநாள் காலை பரந்தன் சந்தியில் அவரோடு பஸ் ஏறிவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் வந்திறங்கி, மகளைத் தலைமுழுகு என்று ஐயாவை நெருக்கினார்கள். ஐயா கிணற்றடிக்குப் போய் எல்லோரும் பார்க்க இரண்டு வாளி தண்ணீரைத் தலையில் ஊற்றினார். வந்தவர்கள் திருப்தியோடு சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். சோதனையும் சரிவராமல், வேலையும் கிடைக்காமல் நான் அந்த வருஷந்தான் வயலுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா விட்ட இடத்தில் இறங்கினேன் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை, என் இடத்துக்கு வந்தேன் என்றுதான் நினைத்தேன்.

உன் பன்னிரண்டு பக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது. "வற்றாப்பளை அம்மன்மீது தீராத பக்தி கொண்டு ஆண்டுதோறும் வைகாசிப் பொங்கலுக்குச் சைக்கிளிலேயே சென்று வந்தார்." இதுவும் கல்வெட்டில் நான் எழுதியது. அந்தக் கோயில் முல்லைத்தீவுப் பக்கம், அவர் போனது உண்மை. சைக்கிள் கரியரில் அரை மூட்டை புதுநெல் அரிசி கட்டிக்கொண்டு போவார். மூன்று நாள் கழித்து வருவார், பையில் கருவாடு மணக்கும். பொங்கலுக்குப் போன மனிசன் கருவாட்டோடு வந்தால் கேட்க மாட்டார்களா? என் அம்மா கேட்கவில்லை. வாங்கிப் பொரித்து முதல் துண்டை வாயில் வைக்கும்போது அவருடைய கண் கலங்கும், உறைப்பு என்பார். பொரித்த கருவாட்டில் என்ன உறைப்பு. இரண்டு பேரும் தெரிந்துகொண்டே அப்படி நடந்தார்கள். எனக்கு மட்டும் விளங்கவில்லை, அல்லது விளங்க மனமில்லை.

ஐயா செத்து ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்து பெர்மிட்டை எடுத்தேன். தனக்குப் பிறகு காணி யாருக்கு என்று எழுதும் இடத்தில் அக்காவின் பெயர் இருந்தது. கீழே ஐயாவின் கையெழுத்து, கந்தோர் முத்திரை. அக்கா வீட்டை விட்டுப் போய் இரண்டு வருஷம் கழித்துப் போட்ட முத்திரை அது. பெர்மிட் காணியை உடைத்துப் பங்கு போட விடமாட்டார்கள், ஒரு பெயர்தான். அந்த ஒரு பெயர் என் பெயர் இல்லை. எட்டு வருஷம் நான் உழுத நிலம், மகனே. ஐயாவின் காலில் புண் வந்தபோது கழுவிக் கட்டியவன் நான். அன்று எனக்கு வந்த கோபத்தை நான் இன்றைக்கும் பொய்யென்று சொல்ல மாட்டேன். ஆனால் கோபத்தை அவரிடம் காட்ட முடியாது, அவர் செத்துவிட்டார். ஆகவே கல்வெட்டு எழுதக் குந்தினேன்.

அன்னாரின் மக்கள் என்று வருகிற இடத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். படத்துக்கு வீட்டில் இருந்தது ஒன்றுதான். நீர்ப்பாசன வேலைக்கு வந்த ஒருவர் எப்போதோ எடுத்தது. வாய்க்கால் வரம்பில் ஐயாவும் அக்காவும் ஒரே மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். கத்தரிக்கோலை எடுத்து நடுவால் வெட்டினேன். நேராக வெட்டினால் ஐயாவின் முழங்கை போகும் என்று கொஞ்சம் விலத்தி வெட்டினேன், அதில் அக்காவின் கை ஐயாவின் பக்கத்தோடு போய்விட்டது. அச்சில் முகம் மட்டுந்தானே வரும் என்று கவலைப்படவில்லை. அச்சுக்குக் கொண்டுபோன பெரியம்மா அந்தப் பாதியைத் தன் பெட்டியில் வைத்திருந்தா என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அந்தியேட்டி அன்று அக்கா வந்தார். கூப்பிடாமலேயே வந்தார். பந்தலின் ஓரத்தில் ஒரு கதிரையில் இருந்து கல்வெட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் வாசித்தார். நான் சோற்றுவாளியோடு நின்று அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மக்கள் என்ற இடம் வந்ததும் விரல் நின்றது. பிறகு மற்றப் பக்கத்தைத் திருப்பினார். முடித்துவிட்டு, புத்தகத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, கை நனைக்காமல் எழும்பிப் போனார். கத்தியிருந்தால், மண் அள்ளித் தூற்றியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும்.

பிறகு சுனாமி என்று கடல் வந்த வருஷம் அத்தானைக் கடல் கொண்டுபோனது. செய்தி வந்தது. நான் போகவில்லை. தெரிந்த ஒருவரிடம் இரண்டு மூட்டை அரிசி கொடுத்துவிட்டேன். அனுப்பிவிட்டு, பெரிய மனதுக்காரன் என்று எனக்குள் நினைத்துக்கொண்டும் இருந்தேன். அக்காவின் காணியில் விளைந்த நெல்லை அக்காவுக்கே உதவி என்று அனுப்பியிருக்கிறேன். உன் அம்மா அதைத்தான் என் முகத்துக்கு நேரே சொன்னார். அன்றுதான் நாங்கள் கடுமையாகச் சண்டை பிடித்தோம், நீ றேடியோவுக்குப் பாட்டரி வாங்கியதைப் பற்றியென்று நினைத்தாய்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமானது. வவுனியா முகாமில் தண்ணீர் வரிசையில் ஒரு மெலிந்த மனிசி என்னிடம் வந்து கதைத்தது உனக்கு நினைவிருக்கலாம். நீ வாளியோடு பக்கத்தில் நின்றாய். ஆர் அப்பா அது என்று கேட்டாய், ஊர்க்காரி என்றேன். அது அக்கா. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தம்பி, ஐயாட கடுதாசி ஏதும் மிஞ்சினதே?"

"எல்லாம் போச்சுது அக்கா."

எங்கள் பக்கத்தில் எல்லாம் போச்சுது என்று சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. கேட்கிறவருக்கும் எல்லாம் போயிருக்கும். அக்காவும் தலையை ஆட்டிவிட்டுத் தன் இடத்துக்குப் போனார். அந்த நேரம் பெர்மிட் பொலித்தீன் பையில் சுற்றி என் இடுப்பில் சறத்துக்குள் இருந்தது. கூடவே அந்தப் படத்தின் அக்கா பக்கத்துப் பாதியும். உன் சான்றிதழ்களையும் உன் அம்மாவின் கூறைச் சேலையையும் வழியில் விட்டுவிட்டு வந்தவன், அந்தப் பையை விடவில்லை. ஏன் எரிக்கவில்லை என்று நீ கேட்பாய். ஐயாவின் கையெழுத்தை எரிக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான் தெரியும். பெர்மிட் தொலையவே இல்லை, மகனே. பதினைந்து வருஷமாக அலுமாரியில் என் வெள்ளை வேட்டிக்குக் கீழே இருக்கிறது.

நீ தட்டச்சடித்து அனுப்பிய சத்தியக் கடதாசியும் வந்து சேர்ந்தது. பெர்மிட் தொலைந்ததென்றும், நான் ஐயாவின் ஒரே பிள்ளை என்றும் அதில் இருக்கிறது. சமாதான நீதவானிடம் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி என்றாய். செவ்வாய்க்கிழமை நான் அதைப் போட்டிருந்தால் வயல் எங்கள் பெயருக்கு வந்திருக்கும், நீ ஆவணியில் அத்திவாரம் வெட்டியிருப்பாய், கேள்வி கேட்க ஆளும் இல்லை. நேற்று காலை பேனையைக் கையில் எடுத்துவிட்டேன் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். உன் அம்மா தேத்தண்ணியை வைக்க வந்தார். பேனையைப் பார்த்தார். தேத்தண்ணியை வைக்காமல் திரும்பக் கொண்டுபோய்விட்டார். அதற்கு மேல் எனக்குக் குந்த முடியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பரந்தனுக்குப் போய் முல்லைத்தீவு பஸ் ஏறினேன்.

அக்கா தன் மகள் வீட்டில் இருக்கிறார். முற்றத்தில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தவர் என்னைக் கண்டு எழும்பவும் இல்லை, திடுக்கிடவும் இல்லை. வா, இரு என்றார். பெர்மிட்டை எடுத்து அவருடைய மடியில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுத் தன் பெயர் இருந்த இடத்தைப் பார்த்தார்.

"இது எனக்குத் தெரியும். ஐயா ஒரு பொங்கலுக்கு வந்தபோது சொன்னவர்."

"அப்ப ஏன் அக்கா என்னட்டைக் கேக்கேல்லை?"

"கேட்டனான் தம்பி. தண்ணி வரிசையிலை கேட்டனான்."

உண்மையைச் சொன்னால், நான் ஒன்றை எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். வயது எழுபத்து மூன்று, இனி எனக்கென்ன காணி, நீயே வைத்திரு என்பார், நானும் அழுதுவிட்டு, பாரமும் இறங்கி, காணியும் மிஞ்சி வரலாம் என்று மனதின் மூலையில் ஒரு கணக்கு இருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்த பார்வையிலேயே அது அவருக்கும் தெரிந்துவிட்டது என்று விளங்கியது.

"நான் வேண்டாம் எண்டு சொல்லுவன் எண்டு நினைச்சோ வந்தனீ? எனக்கு வேணும். அந்தக் கூட்டத்திலை என்ர பேரைக் கூப்பிட வேணும். நான் எழும்பி ஓம் எண்டு சொல்ல வேணும். அதுக்குப் பிறகு ஆர் விதைக்கிறது எண்டு பாப்பம்."

உன் கலியாணத்தைச் சொன்னேன். வீட்டைப் பற்றிச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள். அவர், பிள்ளை வீடு கட்டுவதென்றால் தன்னிடம் வந்து கேட்கட்டும் என்றார். தருவேன் என்றும் சொல்லவில்லை, தரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஆகவே நான் உனக்கு எந்த உறுதியும் தர முடியாது. நீ வரைபடம் கீறி வைத்த வீடு என் பொய்யின் மேல் நின்றது, நீ அது தெரியாமல் கீறினாய். என்னை மன்னி என்று கேட்கிறேன். கேட்டுவிட்டேன் என்பதற்காக நீ மன்னிக்க வேண்டும் என்றில்லை.

கலியாணம் செய்யப் போகிறவனுக்குத் தகப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. பொய்யை விடாமல் வைத்திருக்க நல்ல காரணம் எப்போதும் கிடைக்கும். எனக்கு முதலில் குடும்ப மானம் கிடைத்தது. பிறகு சண்டை கிடைத்தது. கடைசியாக நீ கிடைத்தாய், பிள்ளைக்காகத்தானே என்று சொல்லிக்கொண்டேன். ஆகவே இந்தக் கடிதத்தை உன் மனைவியாக வரப்போகிற பிள்ளையிடம் முதலில் வாசிக்கக் கொடு. காணி இல்லாத மாப்பிள்ளை என்று தெரிந்துகொண்டு வரட்டும். வரமாட்டேன் என்றால், அதற்கும் நான்தான் பொறுப்பு.

சத்தியக் கடதாசியைக் கையெழுத்துப் போடாமல் இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன். உன் பன்னிரண்டு பக்கத்தைத் திருத்தி எழுது, அல்லது கிழித்துப் போடு. செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் பெர்மிட்டோடு கந்தோருக்கு வருவோம். நீ வந்தால் சந்தோஷம்.

வருவதானால் ஒரு காரியம் செய்ய வேண்டும். நேற்று வெளிக்கிட முன் அந்தப் பாதிப் படத்தையும் அக்காவின் கையில் கொடுத்தேன். பாவாடை சட்டையோடு வரம்பில் நிற்கிற பெட்டை. ஒரு கை முழங்கையோடு நின்றுபோயிருக்கிறது. உங்களை வெட்டிப்போட்டன் அக்கா, மன்னியுங்கோ என்றேன். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பெர்மிட்டைக் கண்டு கலங்காத மனிசி, அப்போதுதான் அழுதார்.

"என்னை எங்கை வெட்டினனீ? நான் இஞ்சை நிக்கிறன். ஐயாவையெல்லோ என்னட்டையிருந்து வெட்டிப்போட்டாய்."

உன்னிடம் இருக்கிற பாதியைக் கந்தோரில் ஆதாரமாகக் கொடுத்துவிடாதே. சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து மாமியிடம் கொடு. அந்தக் கை ஆற்றை கை என்று அவரிடமே கேள்.

இப்படிக்கு,
உன் அப்பா